ஒரு பிடி மண்

மண்ணச்சநல்லூர் பூமிநாத சுவாமி திருக்கோயிலுக்கு வரும் அன்பர்களில் சிலருடைய கையில் அர்ச்சனைத் தட்டோடு ஒரு சிறிய துணி முடிச்சும் இருப்பதைக் காணலாம். முடிச்சுக்குள் இருப்பது மண். வீடு கட்ட முடியாமல் தடைப்பட்ட மனையின் மண். வழக்கில் சிக்கிய வயலின் மண். பங்காளிகள் பேச்சை நிறுத்திவிட்ட பூர்விக வீட்டின் மண். அதிலிருந்து ஒரு பிடி எடுத்து வந்து, பூமிக்கு நாதனாகிய ஈசன் திருமுன் வைத்து வேண்டி, பிராகாரம் வலம் வந்தால் நிலத்தின் சிக்கல் தீரும் என்பது இத்தலத்தின் நம்பிக்கை. எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. நானும் ஒருநாள் அப்படி ஒரு முடிச்சுடன் அந்தச் சந்நிதியில் நின்றேன்.

அன்று நான் எதை வேண்டினேன் என்பதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அறுபதைக் கடந்த வயதில், என்னைப் போன்ற நிலையிலுள்ள அன்பர்கள் சிலருக்குப் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

என் தந்தையார் அரிசி ஆலை ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். மண்ணச்சநல்லூர் என்றால் அரிசி ஆலைகள்தாமே நினைவுக்கு வரும்! மூட்டைக் கணக்கு எழுதிய கையால் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஓர் ஓட்டு வீட்டையும் ஊருக்கு வெளியே 45 சென்ட் வயலையும் வாங்கினார். உயில் எதுவும் எழுதாமல் 2009-இல் சிவபதம் அடைந்தார். தாயார் அதன்பின் 9 ஆண்டுகள் இருந்தார்கள். நானோ வங்கிப் பணியில் ஊர் ஊராக மாற்றலாகிக்கொண்டிருந்தேன். தம்பி கோயம்புத்தூரில் இருந்தான். உள்ளூரில் வாழ்க்கைப்பட்ட தங்கைதான் தாயாரைப் பார்த்துக்கொண்டாள். கடைசி 2 ஆண்டுகள் தாயார் படுக்கையில் கிடந்தபோது, அவளுடைய இரவுகளில் பாதி அந்த ஓட்டு வீட்டில்தான் கழிந்தன.

தாயாரின் காலத்துக்குப்பின் சொத்துப் பேச்சு எழுந்தது. வயலைச் சுற்றிலும் அதற்குள் மனைகள் முளைத்திருந்தன. விலையும் ஏறியிருந்தது. தம்பி சொன்னான்: “அவளுக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டோம், சீர் செய்தோம், இரண்டு பிரசவமும் இங்கேதான் பார்த்தோம். விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் நாம் இரண்டு பேரும் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம். நீங்கள் கேட்டால் அவள் மறுக்கமாட்டாள், அண்ணா.”

அவன் சொன்ன கடைசி வாக்கியம் உண்மை. நான் கேட்டால் அவள் மறுக்கமாட்டாள். சிக்கலே அங்குதான் இருந்தது.

சட்டம் எனக்குத் தெரியாததன்று. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் மறைந்த தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு உண்டு. பூர்விகச் சொத்தில் மகள்களுக்கு உரிமை தரும் திருத்தங்கள் தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுமைக்கும் 2005-இலும் வந்தன. கடன் விண்ணப்பங்களுடன் வரும் மூலப் பத்திரங்களையும் வில்லங்கச் சான்றுகளையும் ஆண்டுக்கணக்கில் பார்த்தவன் நான். ‘இந்தச் சகோதரியின் கையெழுத்து எங்கே?’ என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது என் வீட்டுச் சகோதரியின் கையெழுத்தை எப்படி வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மனமொப்பி எழுதிக் கொடுத்தால் சட்டத்தில் பிழையில்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

இந்த மனநிலையோடுதான் வயலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு கோயிலுக்குச் சென்றேன். ‘சிக்கலின்றி முடியவேண்டும்’ என்பது என் பிரார்த்தனை. எனக்குச் சாதகமாக முடியவேண்டும் என்பது அதன் உட்பொருள்.

பூக்கட்டிப் பார்க்கலாமா?

சுவாமி சந்நிதியில் பூக்கட்டிப் பார்க்கும் வழக்கத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியே பொட்டலமாக மடித்து இறைவன் முன் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லி, வந்த பூவை உத்தரவாக ஏற்றுக்கொள்வது. பெண்ணுக்கு வந்த இரண்டு வரன்களும் ஒத்த தகுதியாக இருக்கும்போதோ, அறுவை சிகிச்சையை இப்போது செய்வதா தள்ளிப்போடுவதா என்று மருத்துவர்களே இருவிதமாகச் சொல்லும்போதோ இது மனத்துக்குப் பெரிய ஆறுதல். நம் அறிவுக்கு எட்டாததை இறைவனிடம் விட்டுவிடுகிறோம்.

நானும் அன்று அப்படிச் செய்ய எண்ணி, வயதில் மூத்த அர்ச்சகர் ஒருவரிடம் விஷயத்தை மேலெழுந்தவாரியாகச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “நியாயம் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் பூக்கட்டலாம் சார். தெரிந்துவிட்டால் எதற்கு?” என்றார். அவ்வளவுதான், அடுத்து வந்தவருக்கு அர்ச்சனை செய்யத் திரும்பிவிட்டார்.

நான் அம்பாள் சந்நிதியில் போய் நின்றேன். இத்தலத்து அம்பிகையின் திருநாமம் அறம்வளர்த்த நாயகி. சிறு வயது முதல் சொல்லிவந்த பெயர்தான். நிலத்தின் வழக்குகளோடு வருகின்ற ஊரில், நிலத்துக்கு நாதனின் அருகே அறத்தை வளர்ப்பவள் நிற்கிறாள் என்பது அன்றுதான் உறைத்தது. மண் வேண்டுமென்று கேட்டவனுக்கு அறம் எங்கே என்று அவள் கேட்பதுபோல் இருந்தது.

மண்ணைப் பற்றிய இரண்டு கதைகள்

நம் இதிகாசங்கள் இரண்டுமே நிலத்துக்காகச் சகோதரர்கள் நடந்துகொண்ட விதத்தைச் சொல்பவை. மகாபாரதத்தில், ஐந்து ஊர்களாவது கொடு என்று கேட்ட பாண்டவர்களுக்கு ஊசிமுனை ஊன்றும் அளவு நிலமும் தரமாட்டேன் என்றான் துரியோதனன். ராமாயணத்தில், கேளாமலே கைக்கு வந்த அயோத்தியை ‘இது என்னுடையதன்று’ என்று திருப்பிக் கொடுக்கக் கானகம் வரை நடந்தான் பரதன். அண்ணன் ஏற்காதபோது பாதுகைகளைச் சிம்மாசனத்தில் வைத்து, 14 ஆண்டுகள் காவலனாக மட்டும் இருந்தான். பரதனுக்குச் சட்டமும் துணையாக இருந்தது. தந்தை கொடுத்த வரமே அவனுக்குப் பத்திரம். ஆனாலும் வாங்கிக்கொள்ளவில்லை. பட்டாபிஷேகப் படத்தை மாட்டிவைத்துப் பூஜை செய்யும் வீட்டில், பங்கு பிரிக்கும் நாளில் நாம் யாராக இருக்கிறோம் என்று அன்று என்னையே கேட்டுக்கொண்டேன். விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை.

கணக்கு என்று வந்தால் எனக்குத் திருவானைக்கா நினைவுக்கு வரும். ஜம்புகேசுவரர் ஆலயத்தின் பெரிய வெளிமதிலைத் திருநீற்றான் திருமதில் என்பார்கள். ஈசனே சித்தராக வந்து மதில் கட்டுவித்ததாகவும், வேலை செய்தவர்களுக்கு மாலையில் கூலியாகத் திருநீற்றை அளித்ததாகவும், அவரவர் உழைப்பின் அளவுக்கு அது பொன்னாக மாறியதாகவும் தல வரலாறு கூறும். எல்லோர் கையிலும் விழுந்தது ஒரே நீறு. அதைப் பொன்னாக்கியது உழைப்பு.

அன்றிரவு வீட்டில் ஒரு தாளை எடுத்து இரண்டு பத்திகளாகக் கோடு போட்டேன். பழைய பழக்கம் போகாது அல்லவா! ஒரு பக்கம் தங்கைக்கு நாங்கள் செய்தவை: நகை, சீர், பிரசவச் செலவு. மறுபக்கம் அவள் செய்தவை: தாயாரின் மருந்து, துணி துவைத்தது, இரவுக் கண்விழிப்பு, 9 ஆண்டுகள். முதல் பத்தியில் எழுதியவற்றுக்குத் தொகை போட முடிந்தது. இரண்டாம் பத்தியில் ஒன்றுக்கும் தொகை போட முடியவில்லை. மேலும், முதல் பத்தியில் இருந்தவை பெரும்பாலும் தந்தையார் செய்தவை. என்னுடையவை அல்ல என்பதும் எழுதும்போதுதான் புலப்பட்டது. தாளைப் பார்த்த என் மனைவி, “இதை எழுதுவதற்கு முன்னமே உங்களுக்குத் தெரியாதா?” என்று மட்டும் கேட்டாள்.

மூன்று பேருக்கும் சமபங்கு என்று முடிவு செய்தேன்.

முடிவு சரி, முறை பிழை

இத்துடன் கட்டுரையை முடித்தால் நான் ஏதோ நல்லவன் என்று தோன்றிவிடும். உண்மை அப்படியில்லை. அந்த நல்ல முடிவைச் செயற்படுத்துவதில் நான் பெரிய தவறு செய்தேன்.

மறுநாள் காலையிலேயே தம்பியைத் தொலைபேசியில் அழைத்து, ‘மூன்று பங்குதான், நான் தீர்மானித்துவிட்டேன்’ என்றேன். அவனுடைய நிலை என்ன என்று கேட்கவில்லை. தொழிலில் நொடித்துக் கடனில் இருந்தான் என்பது பின்னர் பிறர் சொல்லித்தான் தெரிந்தது. பாதிப் பங்கு என்று நம்பித் தவணை சொல்லியிருக்கிறான். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவான அன்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்தான், கையெழுத்திட்டான், எங்களோடு ஒரு வாய் காபிகூட அருந்தாமல் போய்விட்டான். இரண்டாண்டுகள் பேசவில்லை.

அந்த நாட்களில் ஸ்ரீரங்கத்தில் அரங்கனைச் சேவித்துவிட்டு வெளிப்பிராகாரத்தில் அமர்ந்திருந்தபோது, விபீஷணனை நினைத்துக்கொண்டேன். ராமபிரான் அளித்த ஸ்ரீரங்க விமானத்தை இலங்கைக்கு எடுத்துச் சென்ற விபீஷணன் காவிரிக் கரையில் இறக்கிவைக்க, அரங்கன் அங்கேயே நிலைத்துவிட்டான். அவனுக்காகவே தென்திசை நோக்கிப் பள்ளிகொண்டான் என்பது தல வரலாறு. அந்த விபீஷணன் அடைக்கலம் தேடி வந்த நாளில் ராமபிரான் முடிவெடுத்த முறையை வால்மீகி விரிவாகச் சொல்கிறார்.

அபயம் என்று வந்தவனைக் கைவிடலாகாது என்பது ராமபிரானுக்கு முன்பே தெரியும். ஆயினும் உடனே அறிவித்துவிடவில்லை. எல்லோரிடமும் கருத்துக் கேட்டார். சுக்ரீவன் எதிர்த்தான். அங்கதன், சோதித்துப் பார்க்கவேண்டும் என்றான். ஜாம்பவான் வந்த நேரத்தையும் இடத்தையும் ஐயுற்றார். அனுமன் ஒருவனே ஏற்கலாம் என்பதற்குக் காரணம் காட்டினான். எதிர்த்தவர்களையும் முழுவதும் பேசவிட்டு, அதன்பின் தம் விரதம் இன்னது என்று விளக்கினார். சுக்ரீவனுக்கு மீண்டும் மனம் இசையாதபோது, தன்னை நாடி வந்த வேடனுக்குத் தன்னையே உணவாக்கிய புறாவின் கதையைச் சொல்லி அவன் மனத்தைக் கனியவைத்தார். இறுதியில், போய் விபீஷணனை அழைத்து வா என்று யாரிடம் சொன்னார்? அதே சுக்ரீவனிடம்!

எதிர்த்தவனையே அந்த நற்செயலைச் செய்பவனாக ஆக்கினார். நான் என்ன செய்தேன்? தம்பியைக் கேட்கவுமில்லை, அவனுக்கு விளக்கவுமில்லை. ‘நீயே தங்கையிடம் போய் அவள் பங்கைச் சொல்’ என்று அவனை முன்னிறுத்தியிருந்தால், அவனுக்கும் அதில் பெருமை இருந்திருக்கும். தர்மம் என் பக்கம் இருந்தது என்பதற்காக நான் அகங்காரத்தோடு பேசிவிட்டேன். சரியான முடிவை எடுத்தவன் என்ற நினைப்பே ஒருவகைச் சொத்தாசைதான்.

கீதையின் 18-ஆம் அத்தியாயத்தில், அவ்வளவு உபதேசித்த பிறகு, ‘இதை முழுவதும் ஆராய்ந்து பார், பிறகு உன் விருப்பப்படி செய்’ என்ற கருத்தில் பகவான் அர்ஜுனனிடம் பேசுகிறார். பரமாத்மாவே எதிரிலிருப்பவனுக்கு யோசிக்க இடம் கொடுக்கிறார். நான் தம்பிக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை.

வயதான நமக்கு வரும் வினாக்கள்

நம் வயதில் நாம் எடுக்கவேண்டிய முடிவுகள் குறைவு. ஆனால் திருத்த முடியாதவை. வங்கியில் கண்டவற்றையும் சாஸ்திரத்தில் கேட்டவற்றையும் சேர்த்துச் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஜாமீன் கையெழுத்து. உறவினர், நண்பர் என்று கேட்பார்கள். ‘பேருக்குத்தான்’ என்பார்கள். கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. தசரதன் போர்க்களத்தில் உயிர் காத்த நன்றியில் கைகேயிக்கு இரண்டு வரம் தந்தான். எதற்கு, எதுவரை, எப்போது என்ற வரையறை இல்லை. வங்கி மொழியில் சொன்னால், தொகையும் தேதியும் எழுதாமல் கையொப்பமிட்ட காசோலை. பல்லாண்டுகளுக்குப்பின் அது பணமாக்கப்பட்ட நாளில் ஒரு நகரமே அழுதது. கொடுப்பது தர்மம்; அளவு தெரியாமல் வாக்குக் கொடுப்பது தர்மமாகாது. இழந்தாலும் தாங்கக்கூடிய தொகையை உதவியாகவே கொடுத்துவிடுங்கள். அது இருவருக்கும் நல்லது.

உயிரோடிருக்கும்போதே வீட்டை எழுதிக் கொடுத்தல். பிள்ளைகள் மீதுள்ள பாசத்தில் தானசெட்டில்மென்ட் எழுதிவிடுகிறோம். அது பதிவானவுடன் வீடு அவர்களுடையது. உயில் அப்படியன்று, நம் காலத்துக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும், இடையில் எத்தனை முறையும் மாற்றலாம், இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். எழுதிக் கொடுத்தே தீரவேண்டுமானால், தம்மைப் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுங்கள். அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழியை, பெற்றோர் மற்றும் முதியோர் நலனுக்காக 2007-இல் இயற்றப்பட்ட சட்டம் தந்திருக்கிறது. இதைக் கேட்பது பிள்ளைகள் மீது சந்தேகம் கொள்வதாகாது. பின்னாளில் அவர்களை ஒரு பாவத்திலிருந்து காப்பதும் பெற்றோர் கடமைதான்.

உயிலே எழுதாமல் இருத்தல். என் தந்தையார் செய்தது இதுவே. ‘நமக்குப்பின் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்’ என்பது நம்பிக்கையாகத் தோன்றும். பல வீடுகளில் அது பகையின் விதையாக முடிகிறது.

இவை தொடர்பாக ஒரு தலத்தை அன்பர்கள் தரிசிக்கவேண்டும். மண்ணச்சநல்லூரிலிருந்து துறையூர்ச் சாலையில் சென்றால் திருவெள்ளறை வரும். புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவித்துவிட்டு, சற்றுத் தள்ளியுள்ள ஸ்வஸ்திக வடிவக் கிணற்றையும் பாருங்கள். நான்கு புறமும் படிகள் மடங்கி இறங்கும் அந்தக் கிணறு, பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன், கம்பன் அரையன் என்பவரால் வெட்டப்பட்டது. மாற்பிடுகு பெருங்கிணறு என்பது அதன் பெயர். அங்குள்ள கல்வெட்டில் ஒரு பாடல் உண்டு. முதுமை வந்து உடலைத் தளர்த்துவதற்கு முன்பே, நமக்கு வேண்டியதை அனுபவித்து, எஞ்சியதை ஊரறியப் பிறர்க்கு ஆக்கிவிட வேண்டும் என்பது அதன் கருத்து. ‘உனக்கு வேண்டியதை வைத்துக்கொள்’ என்றும் அது சொல்கிறது, ‘மிஞ்சியதைக் கொடு’ என்றும் சொல்கிறது. ‘ஊரறிய’ என்றும் சொல்கிறது. இந்த மூன்றையும்விட நல்ல உயில் ஆலோசனையை எந்த வழக்குரைஞரும் தந்துவிட முடியாது.

நான் கடைப்பிடிக்கும் வழி

இப்போது எந்த முடிவாயினும் நான்கு படிகளில் இறங்கிப் பார்க்கிறேன். முதலில், நியாயம் எனக்கே தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் இறைவனிடம் உத்தரவு கேட்பதில்லை, அதைச் செய்யும் வலிமையைக் கேட்பேன். இரண்டாவதாக, என் முடிவால் நஷ்டப்படுபவர் யார் என்று எழுதி, அவரிடம் முதலில் பேசுவேன். மூன்றாவதாக, சட்டம் அறிந்தவரைக் கலந்து, எழுத்தில் வைப்பேன். நான்காவதாக, ஓர் இரவு கடந்து, காலைப் பூஜைக்குப் பின்னரும் அதே முடிவு நிலைத்தால் கையெழுத்திடுவேன். இவ்வளவும் செய்தபின் விளைவு எதுவாயினும் அது அவன் பிரசாதம்.

எங்கள் ஊருக்கு அருகில் சமயபுரத்தாள் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாட்கள் பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். பக்தர்களின் நலனுக்காக அம்மனே பட்டினி கிடப்பது இங்கே வழக்கம். சென்ற ஆண்டு அந்த விரத காலத்தில் நான் கோயம்புத்தூருக்குச் சென்று தம்பியின் வீட்டுக் கதவைத் தட்டினேன். “உன்னைக் கேட்டிருக்கவேண்டும். கேட்காதது என் தவறு” என்றேன். பங்கைப் பற்றிப் பேசவில்லை. அவன் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “சாப்பிட்டீர்களா அண்ணா?” என்று கேட்டான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசுகிறோம். தங்கையோடு அவன் இன்னும் பேசவில்லை. அதற்காகத்தான் இப்போது என் பிரார்த்தனை.

அன்று கோயிலுக்கு எடுத்துச் சென்ற மண்ணை மறுநாளே வயலில் சேர்த்துவிட்டேன். அந்த வயலில் என் பங்கு இன்று 15 சென்ட். அளவில் குறைந்ததுதான், ஆனால் வரப்பில் நின்று பார்க்கும்போது, பக்கத்திலுள்ள தங்கையின் 15 சென்டைக் கண்டு தலைகுனிய வேண்டியதில்லை.

அன்பர்களே, பங்கு பிரிக்கும் நாள் பல வீடுகளில் வரவிருக்கிறது. அதற்கு முன் ஒருமுறை மண்ணச்சநல்லூருக்கு வாருங்கள். பூமிநாதர் முன் மண்ணை வைத்து வேண்டிக்கொள்ளுங்கள். திரும்புமுன் அறம்வளர்த்த நாயகியின் சந்நிதியிலும் சற்று நேரம் நில்லுங்கள். இருவர் திருவருளும் நம் இல்லங்களில் மண்ணையும் மனத்தையும் காக்கட்டும்.